கீழ் வீட்டு அட்வான்ஸ்

நங்கநல்லூரில் அப்பா கட்டிய எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் குடியிருந்த குடும்பம், 2025 மார்ச் மாதக் கடைசியில் காலி செய்துகொண்டு போனது. இரண்டு மாதம் முன்பே அந்தக் குடும்பத் தலைவர் மாடிக்கு வந்து, “ஆபீஸ் சிறுசேரிக்கு மாறிடுச்சு சார், அந்தப் பக்கமே வீடு பாத்துட்டோம்” என்று சொல்லிவிட்டார். “நல்லது, சந்தோஷம்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே மனம் வேறு கணக்கில் இறங்கிவிட்டது. 2018 ஜூனில் அவர் கொடுத்த அட்வான்ஸ் 1,40,000 ரூபாய். அன்றைய வாடகைக்குப் பத்து மாதம். அந்தப் பணம் என்னிடம் இல்லை.

எங்கே போனது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் அனைத்தும் ஏறக்குறைய வறண்டுபோய், சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஜூன் மாதத்தில், எங்கள் பழைய போர்வெல் காற்றை மட்டும் இழுத்தது. புதிதாக ஆழமாகப் போர் போட்டதில் பெரும்பகுதி கரைந்தது. மீதி வீட்டுச் செலவோடு செலவாகப் போய்விட்டது. தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்பதால் நல்ல காரியத்துக்குத்தானே செலவழித்தோம் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால், என் வீட்டில் போர் போடுவதற்கு இன்னொருவர் பணத்தை வட்டியில்லாமல் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் நடந்த உண்மை. இந்த ஊரில் வாடகைக்கு விடுபவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம். போகிறவருக்குக் கொடுக்கவேண்டிய தொகையை, வருகிறவரிடம் வாங்கித்தான் கொடுக்கிறோம். இடையில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

அட்வான்ஸ் குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த வாரத்தில்தான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வைப்புத் தொகையாக 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று ஒரு வாலும் சேர்ந்திருப்பதால், பத்து மாத வழக்கம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே உயிரோடு இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற பகுதியில் மட்டும் வால் ஏதும் இல்லை.

நம் ஊரின் 11 மாத ஒப்பந்தத்துக்கும் ஒரு கதை உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதற்கு ஒரு மாதம் குறைத்து முத்திரைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. புதிய சட்டமோ, 11 மாதமாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. நாங்கள் முதலில் பதியவில்லை, இருவருக்கும் சோம்பல். அப்பா காலத்திலோ எழுத்து என்பதே கிடையாது. நாட்காட்டியின் பின்பக்கத்தில் மாதமும் தொகையும் குறித்து வைப்பதோடு சரி.

எந்தப் பழுதை யார் பார்ப்பது என்பதற்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். திருகு குழாய், அதன் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. 2021 நவம்பர் மழைக்குப் பிறகு கீழ் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்தது. மழைக்கசிவு, வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று நான் தள்ளிப்போட்டேன். ஜனவரியில் ஒருநாள் இரவு, கொப்பளம் இருந்த இடத்தில் சிமென்ட் பூச்சு தட்டளவு பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கூரையில் துருப்பிடித்த கம்பி இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தெரிந்தது. அந்த அம்மா விழுந்த துண்டுகளைப் பெருக்கிப் போடாமல் ஒரு முறத்தில் எடுத்து வைத்திருந்தார், நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கொத்தனார் மாடிக்கு வந்து எங்கள் குளியலறையில் தண்ணீரைத் தேக்கிப் பார்த்துவிட்டு, “மழை இல்ல சார், உங்க நஹானி டிராப்பைச் சுத்தி விட்டிருக்கு” என்றார், தரையில் தண்ணீர் வடியும் வாயைக் காட்டி. நாங்கள் குளித்த தண்ணீர்தான் இரண்டு மாதமாக அவர்கள் அடுப்புக்கு மேல் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. தரையை உடைத்து, குழாய் மாற்றி, கீழே கம்பிக்கு மருந்து அடித்துப் பூசி முடிக்க 12 நாளும் 48,000 ரூபாயும் ஆயின.

வீட்டுக்காரர் என்றால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று ஒரு நினைப்பு உண்டு. வருமான வரியில், உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும், வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைத்தான் கழித்துத் தருகிறார்கள். செலவே இல்லாத ஆண்டில் அது லாபம்தான் என்பதால் இதைப் பற்றி மேலும் புலம்ப எனக்கு வழியில்லை.

உண்மையான இக்கட்டு வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில், கணவரை இழந்து வாடகையை மட்டுமே நம்பி இருக்கும் ஒரு அம்மாவுக்குக் குடியிருந்தவர் பல மாதம் வாடகை தரவில்லை. மோட்டாரை நிறுத்து, ஃப்யூஸைப் பிடுங்கு என்று தெருவே யோசனை சொன்னது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு மாதப் பாக்கிக்குப் பிறகு அறிவிப்பு கொடுத்து, ஒரு மாதம் பார்த்து, அப்புறம் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காத்திருப்பில் அந்த அம்மா மருந்துக் கடையில் கடன் வைத்ததையும் பார்த்தேன். அதே சமயம், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே விலை போட்டு, அரசு தரும் இலவச மின்சாரத்தையும் குடியிருப்பவருக்குச் சேரவிடாத வீட்டுக்காரர்களை நான் இந்தத் தெருவிலேயே அறிவேன்; அவர்களுக்காகப் பரிந்து பேசமாட்டேன்.

காலி செய்த அன்று சாவியை வாங்கிக்கொண்டு அறை அறையாகப் பார்த்தோம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே எழுதப்படாத விதி. நானும் முன்பு இரண்டு பேரிடம் பிடித்திருக்கிறேன். ஏழு ஆண்டு வாழ்ந்த சுவர் அழுக்காகத்தான் இருக்கும், அதை வெளுக்க வைப்பது என் வேலை என்று அட்டவணையே சொல்லிவிட்ட பிறகு கை நீளவில்லை. உடைந்த கண்ணாடி ஒன்று, திருகு குழாய் இரண்டு, ஆக 1,650 ரூபாய் மட்டும் கழித்தேன். அன்றே 60,000 அனுப்பினேன். மனைவியின் பெயரில் இருந்த வைப்பு நிதியை உடைத்து, 19-ஆம் நாள் மீதி 78,350-ஐ அனுப்பினேன். அதற்குள் அவர் ஒருமுறை கூட ஃபோன் செய்யவில்லை என்பதுதான் எனக்கு அதிகக் கூச்சமாக இருந்தது.

இப்போது பெயின்ட் அடித்தாகிவிட்டது. அட்வான்ஸ் 3 மாதம் போதும், அதையும் தனிக் கணக்கில் போட்டு வைப்பதாக முடிவு செய்து தரகரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படிச் சொல்லாதீங்க சார். வீட்டுல ஏதோ கோளாறு இருக்குன்னு நினைச்சு ஒருத்தரும் வரமாட்டாங்க.”