பொம்பெயிக்கு அரை நாள் போதாது

எங்கள் பூர்வீகம் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்த கதையை அப்பா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள். பணி ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, "கண்ணு, அந்தக் காசை வச்சிருந்தவங்க எப்படி வீடு கட்டி, என்ன தின்னு வாழ்ந்தாங்கன்னு ஒருதடவை நேர்ல பாக்கணும்" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம் ஆரம்பித்தது. அப்பாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் வலி. அதனால் எனக்கு வேண்டியிருந்தது அவசரமில்லாத ஒரு திட்டம்.

ரோமானியர் வீட்டைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலியில் ரோமைவிட நேப்பிள்ஸ் பக்கம்தான் சரி. ரோமில் இருப்பவை பெரும்பாலும் அரசர்களின் கட்டடங்கள், அவற்றுக்கு மேலேயே பிற்கால நகரமும் எழுந்துவிட்டது. நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் சாம்பலுக்குள் புதைந்துபோன ரோமானிய ஊரான பொம்பெயியில் ரொட்டிக்கடை, சலவைக்கூடம், சாப்பாட்டுக்கடை, வேசியர் விடுதி, சுவரில் எழுதிய தேர்தல் விளம்பரம் எல்லாமே கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆனால் நான் விசாரித்த பயண முகவர்கள் எல்லாருமே ஒரே சரக்கைத்தான் நீட்டினார்கள்: காலையில் ரோமிலிருந்து பஸ், பொம்பெயியில் இரண்டு மணி நேரம், மதியம் பீட்சா, இரவு திரும்பல். மொத்தம் 66 ஹெக்டேர் ஊர், மூன்றில் இரண்டு பங்கு தோண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள், அதை இரண்டு மணி நேரத்தில் முடித்தால் நினைவில் வழிகாட்டியின் கொடி மட்டும்தான் மிஞ்சும். நான் நேப்பிள்ஸில் நான்கு இரவு தங்க அறை எடுத்தேன். ரோமிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

விசா வேலையை மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கினோம். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதை நன்றாகப் படித்துப் பார்த்து எடுங்கள். பொம்பெயி நுழைவு டிக்கெட் விஷயத்தில் எனக்கு ஒரு அடி விழுந்தது. தேடலில் முதலில் வந்த ஒரு இடைத்தரகர் தளத்தில் வாங்கினேன், அது அதிகாரப்பூர்வ விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மறுநாள்தான் தெரிந்தது. பொம்பெயி தொல்லியல் பூங்காவின் சொந்தத் தளத்திலிருந்து போய் வாங்குங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் பெயரும் இருக்கும், அடையாளத்துக்கு பாஸ்போர்ட் கையில் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் கூட்டம் அள்ளும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு அந்த நாள் வேண்டாம்.

எந்த மாதம் போவது என்று ரொம்ப யோசித்தேன். ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கல் தெருக்களில் நிழலே கிடையாது. அக்டோபரில் போனோம். வெசூவியஸ் வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள், 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது, அதிலுள்ள தேதி அக்டோபர் 17-க்குச் சமம். கரி எழுத்து நெடுநாள் அழியாமல் நிற்காது, ஆகவே வெடிப்பு அதற்குப் பிறகுதான், அநேகமாக அக்டோபர் 24, என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். அதே அக்டோபரில் அங்கே நின்றபோது, காலைக் குளிரில் அந்த மலை சாதுவாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வயிற்றில் ஏதோ செய்தது.

முதல் நாள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், நான் முதலில் வைக்கச் சொல்வேன். பொம்பெயியின் நல்ல ஓவியங்களையும் தரைச்சித்திரங்களையும் எப்போதோ பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள், இவற்றைக் கண்ணில் வாங்கிக்கொண்டு மறுநாள் அந்த மொட்டைச் சுவர்களுக்கு முன்னால் நின்றால் மனசு தானாகவே நிரப்பிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாள் குறியுங்கள். அங்கே ஒரு ரொட்டி இருக்கிறது. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிட்டுத் தின்ன வசதியாக மேலே கோடு கிழித்து, அடுப்புக்கரி போலக் கறுத்து. கோடுகளின் விளிம்பு மழுங்காமல் அப்படியே இருக்கிறது. அப்பா கண்ணாடிப் பேழைக்கு மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அப்புறம், அந்தத் தந்தச் சிலை. 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த இந்தியப் பெண் உருவம், ஒரு சாணுக்குச் சற்றே அதிக உயரம். கால், கை நிறைய காப்பு, இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தோழிகள். பொம்பெயி லட்சுமி என்று பெயர் நிலைத்துவிட்டது, யட்சியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதே சாயலில் ஒன்று மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்திருப்பதால் அந்தப் பக்கத்து வேலை என்பது பொதுவான கருத்து. சிற்றின்ப ஓவியங்களுக்கென்று ஒதுக்கிய 'ரகசிய அறை'க்குள் வைத்திருக்கிறார்கள், அவளுக்கு அது பொருத்தமான இடமே இல்லை என்பது என் எண்ணம். உள்ளே நுழையும்போதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள், அறைகள் சில நேரம் மூடியிருக்கும்.

இரண்டாம் நாள் பொம்பெயி. நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சர்க்கும்வெசூவியானா உள்ளூர் ரயில், சொரெந்தோ போகும் வண்டியில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தெரி' நிறுத்தத்தில் இறங்க வேண்டும், நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடும். பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, 'ஸ்காவி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், அகழ்வு என்று பொருள். கூட்டம் அதிகம் இருக்கும் வண்டி இது. கரிபால்டிக்கு ஒரு நிறுத்தம் முன்னால் போர்த்தா நோலானாவில்தான் வண்டி புறப்படுகிறது, அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பெரிய பை கொண்டு போகாதீர்கள், 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் கண்டுபிடித்த நல்ல விஷயம், பியாத்ஸா அன்ஃபிதியாத்ரோ வாசலில் தொடங்கி எல்லாரும் நடக்கத்தக்க சமதளப் பாதை ஒன்று மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற தெருக்கள் எல்லாம் எரிமலைப் பாறையைப் பதித்தவை, மேடும் பள்ளமும், வண்டிச் சக்கரம் போய்ப்போய் விரற்கடைக் கணக்கில் ஆழமான தடங்களும். ஆறு இடம் மட்டும் குறித்து வைத்திருந்தேன்: விளையாட்டரங்கம், தப்பியோடும்போது மாண்ட பதின்மூன்று பேரின் சாந்து வார்ப்புகள் இருக்கும் தோட்டம், ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு ரொட்டிக்கடை, 2023-இல் மறுபடி திறந்த வெத்தி என்பவர்களின் வீடு, ஊரின் பொதுச் சதுக்கமான ஃபோரம். அதற்கே ஆறு மணி நேரம் ஆனது.

அந்தத் தோட்டத்தில் யாருமே பேசவில்லை. உடல் மக்கிப் போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடம் மட்டும் நின்றதைக் கண்டு, 1863-இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அதில் சாந்து ஊற்றி உருவம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவை சிலைகள் இல்லை, மனிதர்கள். படம் எடுக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, எடுக்கவில்லை.

மனசில் ஒட்டிக்கொண்டது ஒரு தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. நாலு கற்பலகை, ஒரு பக்கத்தில் முகம் செதுக்கிய தூண், வாயிலிருந்து தண்ணீர் விழும். குழாய்க்குப் பக்கத்துக் கல் விளிம்பில் ஒரு வழுவழுப்பான பள்ளம் இருக்கிறது, குனிந்து குடித்தவர்கள் கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்தது. அப்பா தன் கையை அதில் வைத்தார், சரியாகப் பொருந்தியது. அதில் இன்றைக்கும் குடிதண்ணீர் வருகிறது, பாட்டிலில் பிடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஹெர்குலேனியம், அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊர். இதை விட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம், எனக்கு அதில் வருத்தம்தான். சின்ன ஊர், கூட்டம் குறைவு, வேறு விதமாகப் புதைந்ததால் கரியான மரக்கதவும் உத்திரமும் கட்டிலும்கூட நிற்கின்றன. மிளகுக்காகவே நாங்கள் இதைத் திட்டத்தில் சேர்த்தோம். ஒரு குடியிருப்புக்கு அடியில் ஓடும் சாக்கடைச் சுரங்கத்தைத் தோண்டியபோது அத்திவிதை, மீன்முள், முட்டை ஓடு இவற்றோடு மிளகும் கிடைத்தது. அது பணக்காரர் மாளிகை இல்லை, கடைக்காரர்களும் சாதாரணக் குடும்பங்களும் மாடிகளில் வாழ்ந்த கட்டடம். அந்த மிளகு வந்த வழி அநேகமாக கேரளக் கரையிலிருந்த பழைய முசிறித் துறை. போன வழியில் எதிர்ப்பக்கமாக வந்தவைதான் எங்கள் ஊர்க் காசுகள். மேலும் ஒன்று: இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் என்ற ரோமானியக் காசை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது, மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது என்று நொந்துகொண்டு எழுதிய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே வெடிப்பின்போது கப்பலோடு மக்களை மீட்கப் போய் இந்தக் கரையோரத்திலேயே இறந்துபோனார்.

இதையெல்லாம் அந்தச் சுரங்கத்துக்கு மேலுள்ள தெருவில் நின்று அப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இவங்க ரசம் வச்சிருந்தா நம்ம மிளகுதான் கண்ணு" என்றார்.

நிலையத்திலிருந்து ஹெர்குலேனியத்துக்கு இறக்கம், பத்து நிமிட நடை. திரும்பும்போது அதே தெரு ஏற்றம், அதற்கும் நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அரை மணி ஆனது, நடுவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து எலுமிச்சை கிரானிட்டா என்ற ஐஸ் பானம் சாப்பிட்டோம், அப்பா இரண்டாவது டம்ளரும் கேட்டார்.