ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் அமரும் கல்லூரி மைதானம்
அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கென 1927இல் திறக்கப்பட்ட சொந்த மைதானத்தில், இன்று 1,07,601 பேர் அமரலாம். ஒரு கல்லூரி அணிக்கு இவ்வளவு பெரிய அரங்கமா என்று எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. அதன் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, பள்ளம் தோண்டிக் கட்டப்பட்டிருப்பதால், வாயிலில் நுழையும் ரசிகர்களில் பெரும்பாலோர் படியேறாமல், இறங்கியே தங்கள் இருக்கைகளை அடைகிறார்கள். தொடக்கத்தில் சுமார் 72,000 இருக்கைகளே இருந்தபோதிலும், பிற்கால விரிவாக்கத்தை மனத்தில் கொண்டு அடித்தளத்தை அப்போதே வலுவாகப் போடச் செய்தவர், விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட். எண்ணிக்கையின் கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை இருக்கை, முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லரைக் கௌரவிப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாதாம்!