மெர்சி ஊரின் பள்ளிவாசலும் என் ஆங்கில வகுப்பும்

கனடாவின் ஸஸ்காச்சுவான் மாகாணத்தில், புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிப்பது என் வேலை. எங்கள் பாடப்புத்தக உரையாடல்களில் வழி கேட்பார்கள், மருத்துவரிடம் நேரம் எடுப்பார்கள், நன்றி சொல்வார்கள். ஒருவரும் மற்றவரை மறுத்துக் கதைப்பதில்லை. ஆனால் சம்பளத்தில் மணித்தியாலம் குறைந்திருந்தால் முதலாளியிடம் மறுத்துச் சொல்லத்தானே இவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும்?

அதனால்தான் 'லிட்டில் மாஸ்க் ஆன் த ப்ரேரி' என்ற நகைச்சுவைத் தொடரை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். சிபிசி தொலைக்காட்சியில் 2007 ஜனவரி 9 அன்று தொடங்கி 2012 வரை, 91 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. உருவாக்கியவர் ஸார்க்கா நவாஸ், எங்கள் மாகாணத் தலைநகர் ரிஜைனாவில் வாழ்ந்தவர். மெர்சி என்ற கற்பனை ஊரும் இதே மாகாணத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே முஸ்லிம்கள் ஆங்கிலிக்கன் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தொழுகிறார்கள். எங்கள் ஆக்களும் ரொறன்ரோவில் பல கோயில்களை வாடகைக் கட்டடங்களில்தான் தொடங்கினார்கள். அந்த மண்டபத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒட்டிக்கொண்டது.

முதல் அத்தியாயத்தில் இளம் இமாம் அமார் ரஷீத் விமான நிலையத்தில் கைபேசியில் கதைக்கிறார். பக்கத்தில் நிற்பவர் அரைகுறையாகக் கேட்டுப் பயந்துபோக, அமாரைப் பிடித்து விசாரிக்கிறார்கள். அதற்கு வகுப்பில் பாதிப்பேர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் தூண்டிக் கேட்கவும் இல்லை. எல்லை கடந்து வந்தவர்களிடம் சில கதைகள் அவர்களாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வகுப்பைத் திறந்துவிட்டது அடுத்து வந்த சண்டை. தொழும் இடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வேண்டுமா? வேண்டும் என்று நிற்கிறார் பழமையில் ஊறிய பேராசிரியர் பாபர். கூடாது என்கிறாள் மருத்துவர் ரய்யான். அவள் ஹிஜாப் அணிபவள், விடாமல் தொழுபவள். இது நவாஸுக்குச் சும்மா கிடைத்த கரு அல்ல. பள்ளிவாசலில் பெண்களின் இடம் பற்றி 2005இலேயே ஆவணப்படம் எடுத்தவர் அவர்.

அன்று வகுப்பில் சோமாலியப் பெண்ணொருவர் ரய்யானை மறுத்தார். தடுப்புக்குப் பின்னால்தான் தனக்கு நிம்மதி என்றார். சிரியாவிலிருந்து வந்த இன்னொருவர் எழுந்து, பின்னால் இருந்தால் பேருரை ஒன்றும் கேட்காதே என்றார். இலக்கணம் உடைந்தது, வினைச்சொற்கள் காலம் மாறின. நான் திருத்தவில்லை. வாய் திறக்கவே கூச்சப்படுபவர்கள் 'நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்' என்று முழு வசனமாகச் சொன்ன நேரம் அது. உக்ரேனியர் ஒருவர் தன் தேவாலயத்தில் பெண்கள் தலையை மூடும் வழக்கத்தைச் சொல்லி அதில் சேர்ந்துகொண்டார்.

ஊரின் வெறுப்பைத் தொடர் மிக மென்மையாகக் காட்டுகிறது என்ற குறை எனக்கும் உண்டு. வானொலியில் முஸ்லிம்களைத் திட்டும் ஃபிரெட் டப்பர், அந்த முஸ்லிம்களில் ஒருவரான ஃபாத்திமாவின் உணவகத்திலேயே வந்து சாப்பிடுகிறார். உண்மையான ஃபிரெட்டுகள் அவ்வளவு லேசில் மாறுவதில்லை. ஆனாலும் முஸ்லிம்களை ஒரே குரலாக்காமல், தங்களுக்குள் வாதாடும் மனிதர்களாகக் காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன். செய்திகளில் இவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் வாதாடுகிறார்கள்.

இப்போது சம்பளப் பாடத்துக்கு முன் தடுப்புச் சண்டையைப் போட்டுக் காட்டுகிறேன். அதன் பிறகுதான் மேற்பார்வையாளராக நான் நடிக்க, சம்பளத் துண்டோடு அவர்கள் என் முன்னால் வந்து நிற்பார்கள்.