ஸ்காட்லாந்தின் 15ஆம் நூற்றாண்டை ஆராய வருகிறவர்களுக்கு: சாசனத்திலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது பிடித்த மன்னர் யார் என்று பார்க்காதீர்கள். ஆவணம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். இந்த நாட்டின் ஆவணங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அள்ளிக்கொண்டு போனார். ஸ்காட்லாந்தைக் கைப்பற்றிய இங்கிலாந்தின் கிராம்வெல் காலத்தில் லண்டனுக்குப் போனவற்றில் ஒரு பகுதி, 1660இல் திரும்பி வரும் வழியில் கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டது. அந்தக் காலத்து மடாதிபதி வால்டர் பவர் எழுதிய வரலாறு 1437இல், முதலாம் ஜேம்ஸின் கொலையோடு முடிகிறது. மூன்றாம் ஜேம்ஸைப் பற்றி இன்று வழங்கும் கதைகளில் பலவும் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. ஆகவே சாசனங்களையும் கணக்குகளையும் நம்பித்தான் இங்கே வண்டி ஓடுகிறது.

முதல் ஆறு மாதம் அச்சில் வந்தவையே போதும். மன்னரின் பெருமுத்திரையிட்ட சாசனங்களைப் பதிந்துவைத்த பெருமுத்திரைப் பதிவேட்டின் இரண்டாம் தொகுதி 1424 முதல் 1513 வரைக்குமானது. நாடாளுமன்ற ஆவணங்கள் மூலமும் மொழிபெயர்ப்புமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடைக்கால ஸ்காட்லாந்து மக்களுக்கான இணையத் தரவுத்தளம் 1371இல் நின்றுவிடுவதால், அதற்குப் பிந்தைய காலத்துக்கு அட்டவணையை நாமே போட வேண்டும். சாசனத்துக்கு ஒரு வரி: எண், பெறுபவர், நிலம், இடம், ஆவணத்தில் உள்ள தேதி, திருத்திய தேதி. சாட்சிகளுக்குத் தனி அட்டவணை வையுங்கள், ஆளுக்கு ஒரு வரியாக. எல்லாப் பெயர்களையும் ஒரே கட்டத்தில் திணித்தால் பின்னால் எண்ணவும் முடியாது, வடிகட்டவும் முடியாது.

தேதிக்கு இரண்டு பத்தி ஏன் என்றால், ஸ்காட்லாந்தில் 1600 வரை புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. சாசனத்தில் 1436 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1437. அச்சுத் தொகுதி எந்த முறையில் தேதி தருகிறது என்று பார்க்காமல் எடுத்தால் ஒரு வருடமே புரண்டுவிடும். சரிபார்க்க ஆட்சியாண்டு, அதாவது மன்னர் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு, உதவும். முதலாம் ஜேம்ஸ் 1424 வரை இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தாலும், ஆட்சியாண்டை 1406 ஏப்ரலிலிருந்தே எண்ணினார்கள். அந்த பிப்ரவரிச் சாசனத்தில் 31ஆம் ஆட்சியாண்டு என்றிருந்தால் 1437 உறுதி. 30 என்றிருந்தால் எங்கோ உதைக்கிறது, மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாட்சிப் பட்டியல்தான் பலர் சறுக்கும் இடம். பெயர் இருப்பதாலேயே ஆள் அங்கே இருந்தார் என்று எழுதிவிடுகிறார்கள். உயர் அதிகாரிகள் பதவியின் பேரிலேயே பட்டியலில் வந்துகொண்டிருப்பார்கள். அபெர்டீன் பிஷப் வில்லியம் எல்பின்ஸ்டன் 1492 முதல் 1514 வரை சிறுமுத்திரைக் காப்பாளர், அதாவது மன்னரின் சிறிய முத்திரைக்குப் பொறுப்பான உயர் அதிகாரி. அவர் பெயரை மட்டும் வைத்து அவர் எந்த ஊரில் இருந்தார் என்று சொல்வது ஆபத்து. மன்னருக்கும் இதே கதிதான். சாசனம் எடின்பரோவில் தேதியிடப்பட்டிருக்கும். அதே வாரத்தில் அரசப் பொருளாளரின் செலவுக் கணக்கில் நான்காம் ஜேம்ஸ் வடக்கே டெய்ன் தலத்தில் காணிக்கை வைத்த செலவு இருக்கும். மன்னர் இருந்த இடத்துக்கு நான் கணக்கைத்தான் நம்புவேன். இந்தக் கணக்குகள் 1473இல் தொடங்குகின்றன, ஆனால் 1488க்கு முன் மிகக் குறைவு.

கருவூலச் சுருள்களில், அதாவது சுங்கம் உட்பட அரச வருவாயின் தணிக்கைக் கணக்குகளில், தொகையை எடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். மெர்க் என்பது அன்றைய பண அலகு, ஒரு மெர்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். ரோம எண்ணின் தலைக்கு மேல் சிறிதாக xx இருந்தால் இருபதால் பெருக்க வேண்டும்: iiij மேல் xx என்றால் 80. மூன்றாவது, கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. ஒரு தணிக்கையிலிருந்து அடுத்த தணிக்கை வரை. சில கணக்கு பத்து மாதம், சில பதினான்கு மாதம். மாதத்தால் வகுக்காமல் வரைபடம் போட்டால், கம்பளி ஏற்றுமதி ஏறியது இறங்கியது என்று இல்லாத கதை பிறக்கும். பழைய நிலுவையும் வரவுப் பக்கத்திலேயே ஏறியிருக்கும். அதைத் தனியே கழியுங்கள்.

அச்சுத் தொகுதி சுருக்கமே. திரும்பத் திரும்ப வரும் சாட்சிப் பட்டியலை முந்தைய எண்ணைப் பார் என்று முடித்திருப்பார்கள். வாதத்தைத் தாங்கும் சாசனங்களையாவது எடின்பரோ தேசிய ஆவணக் காப்பகத்தில் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே கேட்க வேண்டிய வரிசைக் குறியீடுகள்: பெருமுத்திரைப் பதிவேடு C2, கருவூலச் சுருள் E38, குடும்ப ஆவணங்கள் GD வரிசை. பதிவேட்டில் ஏறாத சாசனங்கள் ஏராளம். அவை குடும்பக் கட்டுகளில்தான் கிடைக்கும். கேம்ப்பெல்களின் பிரெடல்பேன் கட்டு GD112. பல கட்டுகள் வேறு கட்டடத்தில் இருப்பதால், முன்பதிவு செய்யாமல் போனால் அன்றைய நாள் வீண். இன்னும் தனியார் வீடுகளிலேயே உள்ளவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடிதத்தை முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஆய்வேட்டின் உச்சவரம்பு பல்கலைக்கழகத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,00,000 சொற்கள். வைவாவில் அகத் தேர்வாளர் ஒருவர், புறத் தேர்வாளர் ஒருவர். கேள்விகள் பெரும்பாலும் பின்னிணைப்பில் உள்ள அட்டவணையைச் சுற்றியே வரும். ஒரு சாட்சியை ஏன் சேர்த்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதற்கு எழுதிவைத்த விதி கையில் இருக்கட்டும். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி என்பதே வழக்கமான முடிவு.

அடுத்த கட்டம் நெருக்கடியானது. பிரிட்டனின் லெவர்ஹியூம் அறக்கட்டளை முனைவர் பட்டத்துக்குப் பின் தரும் இளநிலை ஆய்வு நல்கை மூன்று ஆண்டுக்கானது. பாதிச் சம்பளத்தைச் சேரும் பல்கலைக்கழகம் தர வேண்டும். அதனால் துறைக்குள்ளேயே முதல் வடிகட்டல் நடக்கிறது, அதன் கெடு வெளிக்கெடுவுக்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்றால், ஆய்வேட்டின் மிகத் தனித்து நிற்கும் இயலை மூன்றாம் ஆண்டிலேயே இதழுக்கு அனுப்பிவிட வேண்டும்.