பதிவு எண் இருக்கிறது, எந்தப் பிரிவில்?

பெயர்ப்பலகையில் ‘தெரபிஸ்ட்’ என்று இருப்பதை வைத்து ஒருவர் என்ன படித்தவர் என்று சொல்லவே முடியாது. நான்கு வருடம் பிசியோதெரபி படித்தவரும் போட்டுக்கொள்கிறார், இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவரும் போட்டுக்கொள்கிறார். பார்க்க வேண்டியது, தொழில் செய்யத் தகுதி பெற்றவர்களின் பெயர்கள் உள்ள பதிவேட்டை.

எந்தப் பதிவேடு என்பதில்தான் முதல் குழப்பம். பேச்சுப் பயிற்சி, செவித்திறன், கிளினிக்கல் சைக்காலஜி, சிறப்புக் கல்வி எல்லாம் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்சிஐ) கீழ் வருபவை. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனை), லேப், எக்ஸ்ரே தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்தது. அது படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறது: டெக்னீஷியன் நிலைக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், தெரபிஸ்ட் நிலைக்கு 3,600.

ஆர்சிஐ எண்ணைக் காட்டியதும் பெற்றோர் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. சிறப்பு ஆசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் ஒரே கவுன்சில்தான் எண் தருகிறது. எண் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் சிறப்புக் கல்விக்குப் பதிவு பெற்றவர் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை என்றால் இது ஆபத்து. தவறான முறையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆகவே சான்றிதழைக் கேட்டு வாங்கி, பெயர், பிரிவு, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் படியுங்கள். போனில் காட்டும் படத்தை நம்பாமல் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள்.

எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார். அதற்கு ஆர்சிஐ அனுமதித்த மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய படிப்பு வேண்டும். நெடுங்காலமாக அது இரண்டு வருட எம்.பில். படிப்பாக இருந்தது. மாணவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரம் இருக்கும், அந்தப் படிப்புக்கு ஆர்சிஐ அனுமதி இருக்காது. பட்டம் கையில் வரும், பதிவு கிடைக்காது. பணம் கட்டும் முன் கல்லூரிப் பெயரும் சேரும் ஆண்டும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

1992 சட்டத்தில் பதிவில்லாமல் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் இன்று யாரையும் தடுக்காது. 2021 சட்டத்தில், பதிவு பெற்றதாகப் பொய் சொன்னால் முதல் முறைக்கே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சந்தேகம் வந்தால் ரசீது, மருந்துச்சீட்டு போல எழுதிக் கொடுத்த தாள், பெயர்ப்பலகையின் படம் ஆகியவற்றைச் சேர்த்துச் சம்பந்தப்பட்ட கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.