இரவல் பெல்ட்

"டிசம்பர் 31 ராத்திரி வரைக்கும் உயிரைக் காப்பாத்துற பெல்ட், ஜனவரி 1 காலையில அறுந்துடுமாண்ணா?"

இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குகளில், பந்தயத்துக்கு முன் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி மேசையில் உட்கார்ந்து எத்தனையோ வாக்குவாதம் பார்த்தாகிவிட்டது, சீட் பெல்ட் காலாவதி என்று நான் நிறுத்திய டிரைவர் கேட்ட இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் நேரான பதில் இல்லை. அன்றைக்கு நான் சொன்னது, "லேபிள்ல போட்டிருக்கு தம்பி, நான் என்ன பண்ண?" சொன்ன விதம்தான் உறுத்துகிறது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர் குரல் மாதிரியே இருந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. பாலியெஸ்டர் நாடா வெயில் பட்டுப் பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் பலம் இழக்கும், எவ்வளவு என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ ஒரு காலாவதித் தேதி வைத்திருக்கிறது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். பின்னால் 11 கார் நின்றது.

மதுரையிலிருந்து ராத்திரியெல்லாம் காரை ஏற்றிக்கொண்டு வந்தவன். முகம் தொங்கிப்போனது. மற்றபடி கார் சுத்தம்: கில் ஸ்விட்ச் அடித்ததும் இன்ஜின் நின்றது, ரோல் கேஜ் (கார் உருண்டால் டிரைவரைக் காக்கும் கம்பிக்கூண்டு) வெல்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முக்கால் மணி நேரத்தில் வேறு பெல்ட்டோடு வந்தான். யாரோ இரவல் கொடுத்திருக்கிறார்கள். லேபிளில் இன்னும் 2 வருஷம் பாக்கி. நாடாவில் பிசிறு இல்லை, பக்கிள் ஒரே திருப்பில் விட்டது, தோள்பட்டை நாடா பின்னால் இறங்கும் சாய்வு 45 டிகிரிக்குள். ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் அவனைவிட எனக்குத்தான் நிம்மதி.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஒரு மெக்கானிக் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அது போன சீசனில் டயர் சுவரில் போய் அடித்த காரிலிருந்து கழற்றிய பெல்ட்டாம். பலமாக மோதிய பெல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஒரு தடவை இழுபட்ட நாடா அடுத்த தடவையும் அப்படியே தாங்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் விதிதான். ஆனால் லேபிளில் வராது, கேட்டால்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்குமா? ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தால் மதியம் வரை ஒரு காரும் ட்ராக்கில் இறங்காது. இதெல்லாம் சரி. ஆனால் கேட்கத் தோன்றாமல் இல்லை. பதில் ஏடாகூடமாக வந்தால் மறுபடி அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் விட்டேன். இல்லை, மெக்கானிக் சொன்ன பிறகுதான் இப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

ஏழாவதாக வந்தான், ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது, "நீங்க ஸ்ட்ரிக்டா இருந்ததால நல்ல பெல்ட் போட்டு ஓட்டினேண்ணா" என்று கை கொடுத்தான். பெல்ட்டைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டானே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். கொடுத்தவர்கள் எதிரிலேயேதான் காரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போய்ச் சொல்லியிருக்கலாம். லேபிள்படி அதற்கு இன்னும் 2 வருஷம் இருக்கிறது.