கெட் ஒண்டும் கெட்ட சொல்லு இல்ல

டியூசன்ல வேர்ப் லிஸ்ட் பாடமாக்கின எல்லாருக்கும் தெரியும், கோ என்டா போ, கம் என்டா வா, ஈட் என்டா சாப்பிடு, அந்த வரிசையில கெட் என்டா பெறு. முடிஞ்சுது. அதைப் பாடமாக்கிட்டு வெளிய வந்து ஒரு வெள்ளைக்காரன் கதைக்கிறதைக் கேட்டா அவன் சொல்ற கெட்டில அரைவாசிக்கு மேல பெறுவோட ஒரு சம்மந்தமும் இல்லாம இருக்கும்.

நான் திருகோணமலை உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன்ல நிக்கிறன், அதால வீட்டில இங்கிலீசு சந்தேகம் எல்லாம் என்னட்டத்தான் வரும். மாமாட மகள் இந்த முறை ஓ லெவல் எடுக்கிறாள், போன கிழமை வந்து கேக்கிறாள், "அண்ணா, இட்ஸ் கெட்டிங் டார்க் என்டா இருட்டைப் பெறுதா?" சிரிச்சன் தான், ஆனா அவள்ட பிழை இல்ல, அவளுக்குக் குடுத்த லிஸ்ட் அப்பிடி.

எனக்கு விளங்கின அளவில கெட் என்டா ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்கு வாறது. கையில இல்லாத சாமான் கைக்கு வந்தா கெட், வீட்டில இருந்த ஆள் டவுனுக்கு வந்து சேந்தா கெட் டு டவுன், விளங்காம இருந்தது விளங்கினா ஐ கெட் இட், பழக்கமில்லாத உறைப்பு பழகிட்டா கெட் யூஸ்ட் டு. பெறு என்டது இதில ஒரு மூலை மட்டும் தான். இதுக்குப் பக்கத்தில ஆம், இஸ், வாஸ் என்டு வாற பி வேர்பை வைச்சுப் பாத்தா இன்னும் வடிவா விளங்கும். இட் இஸ் டார்க் என்டா இருட்டா இருக்கு, இட் இஸ் கெட்டிங் டார்க் என்டா இருண்டுகொண்டு வருது. ஐ ஆம் மேரிட் என்டா கலியாணம் முடிச்ச ஆள், ஐ கொட் மேரிட் (கொட் என்டது கெட்டிட இறந்தகாலம்) என்டா கலியாணம் நடந்தது. ஐ வாஸ் மேரிட் என்டு மட்டும் சொல்லி நிப்பாட்டிப் பாருங்க, கேக்கிறவன் "ஐயோ, இப்ப இல்லையாக்கும்" என்டு முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொள்ளுவான். நாங்க தமிழில கோவம் வந்திட்டு, களைச்சுப் போனன், நனைஞ்சிட்டன், வருத்தமாப் போச்சு என்டு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்றதை அவங்கள் கெட் ஆங்ரி, கெட் டயர்ட், கெட் வெட், கெட் சிக் என்டு ஒண்டை வைச்சே ஓட்டிடுவாங்கள், சோம்பேறிச் சொல்லு என்டு கூட சொல்லலாம், ஆனா எங்களுக்கு லாபம் தானே.

பஸ் விசயத்துக்கு வாறன். எங்கட ஆக்கள் எல்லாரும் "கெட் டவுன்" தான் சொல்லுவம், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கெட் டவுன், ஆஸ்பத்திரியடியில கெட் டவுன். இலங்கை இங்கிலீசில அது பிழையே இல்ல, கொழும்பில பெரிய இடத்து ஆக்களும் அப்பிடித்தான் கதைப்பினம். இங்கிலாந்துக்காரன் கெட் ஆஃப் என்பான். இதில என்ன கிடக்கு என்டு நினைக்கலாம், ஆனா ஒருக்கா நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்குப் போன போட் ஒண்டில எங்கட கெஸ்ட் ஒரு பொம்பிளையோட நானும் போனன், போட் மணலில முட்டின உடன போட்காரப் பெடியன் அவசரத்தில "கெட் டவுன், கெட் டவுன்" என்டு கத்தினான், அடுத்த அலை வந்து தூக்க முந்தி ஆக்களை இறக்கவேணும் தானே. அந்தப் பொம்பிளை உடன ரெண்டு கையையும் தலைக்கு மேல வைச்சுக் குனிஞ்சு போட்டுக்குள்ள குந்திட்டா. அவட ஊரில கெட் டவுன் என்டு கத்தினா குனி, தலையைப் பதி என்டு தான் அர்த்தம். பெடியன் என்னைப் பாக்கிறான், நான் அவனைப் பாக்கிறன், அலை வந்து மூண்டு பேரையும் நனைச்சிட்டுது.

ஏறுறதிலயும் ஒரு கணக்கு இருக்கு. உள்ள எழும்பி நிண்டு நடக்கக் கூடிய வாகனமெண்டா கெட் ஆன், பஸ், ரயில், பிளேன் எல்லாம் அதுக்குள்ள வரும். குனிஞ்சு உள்ள போய் இருக்கிறதெண்டா கெட் இன், காரும் ஆட்டோவும். கால் போட்டு ஏறுற சைக்கிள், மோட்டர்சைக்கிள் திரும்ப கெட் ஆன். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி நாங்க பாதை என்டு சொல்ற ஃபெரியில ஏறித்தானே அங்கால போனது, அது கெட் ஆன் த ஃபெரி, ஆனா மீன்பிடிக்கிற சின்ன வள்ளமெண்டா கெட் இன்.

இனி தான் முக்கியமான இடம். "ஐ கட் மை ஹெயார் யெஸ்டடே." எங்கட ஊரில இதைச் சொல்லாத ஆள் இல்ல. தமிழில நேத்து முடி வெட்டினன் என்டா சலூனுக்குப் போய் வெட்டினதெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும், ஆனா இங்கிலீசில அப்பிடிச் சொன்னா கண்ணாடிக்கு முன்னால நிண்டு நீங்களே கத்திரிக்கோலை எடுத்து வெட்டினதா அர்த்தம் வந்திடும். ஐ பில்ட் எ ஹவுஸ் இன் கன்னியா என்டு ஒரு கிளார்க் ஐயா சொன்னா அவர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கல்லு அடுக்கினவர் என்டு கூட ஆரும் நினைக்கலாம். இதுக்குத் தான் கெட் வேணும். ஐ கொட் மை ஹெயார் கட். ஐ கொட் மை பைக் ரிப்பெயார்ட். ஒழுங்கைப் பாருங்க, கெட் முதல், சாமான் நடுவில, வேர்ப்ட மூண்டாவது வடிவம் கடைசியில. நடுவில இருக்கிற சாமானைக் கடைசிக்குத் தள்ளி ஐ கொட் கட் மை ஹெயார் என்டா எல்லாம் குழம்பிடும்.

இது எங்களுக்கு விளங்காத சங்கதியே இல்ல, அது தான் எனக்கு ஆச்சரியம். தைச்சன் என்டா நானே தைச்சது, தைப்பிச்சன் என்டா டெய்லரிட்டக் குடுத்துத் தைச்சது. செய்விச்சன், கட்டுவிச்சன், எழுதுவிச்சன் எல்லாம் அம்மம்மா தினமும் பாவிக்கிற சொல்லு. அந்த "விச்சன்" வாற இடத்தில எல்லாம் கெட்டைப் போட்டா சரி. கொழும்பில இருந்து பாட்ஸ் எடுப்பிச்சன் என்டு கராஜ்காரர் சொல்றதை எங்கட இங்கிலீசில வி கொட் இட் டவுன் ஃப்ரொம் கொலம்போ என்பம், அதுவும் இதே வகை தான், ஆனா அது இங்க மட்டும் ஓடும், லண்டன்காரனுக்கு ஓர்டர்ட் என்டு சொன்னாத் தான் பிடிபடும். ஆளைக் கொண்டு செய்விக்கிறதெண்டா நடுவில டு வரும், ஐ கொட் த மேசன் டு ஃபிக்ஸ் த ரூஃப், கெஞ்சியோ நாலு தரம் கோல் எடுத்தோ வரவைச்ச மாதிரி. கொட்டுக்குப் பதிலா மேட் என்டு போட்டா டு வராது, கழுத்தில பிடிச்சுச் செய்விச்ச மாதிரி இருக்கும். எந்த மேசனை அப்பிடிப் பிடிக்கலாம் என்டு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.

ஆப்பிட்டான், அடிபட்டான் எண்டதுக்கும் கெட் தான். ஹெல்மட் இல்லாமப் போய்ப் பொலிசிட்ட ஆப்பிட்டா ஹி கொட் கோட். வாஸ் கோட் என்டும் சொல்லலாம், அது கொஞ்சம் பேப்பரில வாற மாதிரி இருக்கும், கொட்டில தான் அந்த "வேணும் மோனுக்கு" என்ட தொனி வரும். ஆனா சும்மா எல்லா இடத்திலயும் ஓடாது, கோயில் மலையில இருக்கு என்டதுக்கெல்லாம் கெட் போடேலாது, ஏதாவது நடந்து நிலை மாறவேணும்.

கெட் டு ஒரு வில்லங்கம். மே, ஜூன்ல திமிங்கிலம் பாக்கப் போட்டில போயிட்டு வாற கெஸ்ட் வி கொட் டு சீ எ ப்ளூ வேல் என்டு துள்ளிக்கொண்டு வருவாங்கள், அது பாக்கக் கிடைச்சுது. அதே ஆள் அடுத்த நாள் வி ஹாவ் கொட் டு கோ என்டா போகவேணும், பில்லைக் கொண்டுவா. ஹாவ் முன்னுக்கு நிண்டா கட்டாயம் என்டு பிடிக்கலாம், ஆனா வேகமாக் கதைக்கேக்க அந்த ஹாவ் காத்தில போயிடும், கதையை வைச்சுத் தான் பிடிக்கவேணும்.

வேக் அப்பும் கெட் அப்பும் வேற. முழிப்பு வந்தா வேக் அப், பாயை விட்டு எழும்பினாத் தான் கெட் அப். ஞாயிற்றுக்கிழமையில எனக்கு ரெண்டுக்கும் நடுவில நல்ல தூரம்.

மாமாட மகள் சொல்றாள், எஸ்ஸேயில கெட் எழுதினா டீச்சர் சிவப்புப் பேனையால வெட்டி ஒப்டெய்ன், ரிசீவ் என்டு மாத்தச் சொல்றாவாம். அப்ளிகேசனிலயும் பரீட்சைக் கட்டுரையிலயும் அது நியாயம் தான். ஆனா கெட்ட சொல்லு மாதிரிச் சொல்லிக் குடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. ஒப்டெய்னும் ரிசீவும் பிரெஞ்சு வழியா வந்து ஏறினதுகள், கெட் வைக்கிங் ஆக்கள்ட பழைய நோர்ஸ் மொழியில இருந்து வந்து சாதாரண சனத்திட வாயில வளந்தது, ஃபொகெட்டில இருக்கிற கெட்டும் ஒரே வேரில வந்த உறவு தான். தோழிக்கு மெசேஜ் போடேக்க ஐ ஒப்டெய்ன்ட் யுவர் மெசேஜ் என்டு எழுதினா அவள் நீதிமன்றத்தில இருந்து வந்ததெண்டு நினைப்பாள்.

கெட்டிட மூண்டாவது வடிவமா வாற கொட்டன் பற்றியும் கேட்டாள், அமெரிக்கன் சீரியலில வருதாம். பிழை இல்ல, பழைய வடிவம் அது, இங்கிலாந்தில கைவிட்டிட்டாங்கள், அமெரிக்காவில வைச்சிருக்கிறாங்கள். ஹேஸ் கொட்டன் பெட்டர் என்டு அமெரிக்காக்காரன், ஹேஸ் கொட் பெட்டர் என்டு இங்கிலாந்துக்காரன். ஆனா ஃபொகொட்டனை மட்டும் ரெண்டு பக்கமும் விடேல்ல. எங்கட பேப்பர் பிரிட்டிஷ் முறையில தான் திருத்துறது, அதால பரீட்சை முடியும் வரைக்கும் கொட் என்டு எழுது, பிறகு உன்ட விருப்பம் என்டு சொல்லி அனுப்பினன்.